ரொட்ரிகோ கட்டாத கோட்டை

யே. ம. சூ.

மாத்தளை,
19.11.1969

அன்புள்ள மகன் மைக்கலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே அந்தோனியார் துணையால் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். லண்டன் குளிரில் நீயும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பூசையில் உன் பெயரைச் சொல்லாத நாளில்லை. இந்த முறை மழை விட்டபாடில்லை. கோடிப்புறத்துப் பலாமரம் போன கிழமைக் காற்றில் சாய்ந்து குசினிக் கூரையில் பதினொரு ஓடுகளை நொறுக்கிவிட்டது. ஓடு மாற்ற ஆள் வரும்வரை அம்மா சமைக்கும்போது நான் பக்கத்தில் குடை பிடித்து நிற்கிறேன், அதையும் நேராகப் பிடிக்கத் தெரியவில்லை என்று பேச்சு வாங்குகிறேன். அவளுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, அதனால் பேச்சும் கூடியிருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சால்வையை முழங்காலில் சுற்றிக்கொண்டுதான் உட்காருகிறாள்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வாசித்த கோபம் அடங்கட்டும் என்று இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இன்றும் அடங்கவில்லை, ஆனால் எழுதாமல் இருந்தால் இன்னும் கூடும் போலிருக்கிறது. போன மாதம் நான் அவசரத்தில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதனால்தான் நீ விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டாய் என்று நினைத்து, இந்த முறை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன். பொறுமையாக வாசி. உன் கம்பனி அச்சடித்த அந்த வழுவழுப்பான புத்தகம் என் முன்னால் இருக்கிறது. போர்த்துக்கீசர் விட்டுப்போன இடங்களைப் பார்க்க விரும்பும் பிரயாணிகளை லிஸ்பனில் தொடங்கி, கோவா வழியாக, கொழும்பு, நீர்கொழும்பு, காலி என்று கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், நல்ல காரியம். ஆற்று முகத்தில் நிற்கும் அந்த வெள்ளைக் கோபுரத்தையும், கப்பல் கயிறு முறுக்கினதுபோல் கல்லைச் செதுக்கிய சந்நியாசிகள் மடத்தையும் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோவாக் கோயில்களைப் பார்த்து அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அதுவரைக்கும் எல்லாம் சரி. ஒன்பதாம் நாள் பக்கத்தைத் திருப்பினேன், அங்கே மாத்தளை வருகிறது. ஜனவரி 25 ஞாயிறு, காலையில் வஹாகோட்டை அந்தோனியார் கோயில், மத்தியானம் யட்டவத்தைக்குப் பக்கத்தில் “கப்பித்தான் ரொட்ரிகோவின் மறக்கப்பட்ட கோட்டை, கட்டிய வருஷம் 1630”, பின்னேரம் ரிவர்ஸ்டனில் சூரியன் மறைவது. கோட்டைக்கு முழுப்பக்கப் படம், நீ போன முறை வந்தபோது எடுத்தது. படத்துக்குக் கீழே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சரித்திரத்தை விளக்குவார் என்று என்னையும் அச்சடித்திருக்கிறாய்.

சின்னப் பிழைகளை முதலில் சொல்லி முடிக்கிறேன். ஞாயிறு பூசைக்குச் சனம் திரண்டிருக்கும் என்று எழுதியிருக்கிறாய். ஞாயிறு லீவு போய், சந்திரக் கணக்கில் வரும் போயா லீவு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, நீதான் ஊரை விட்டுப் போனவன், உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சனங்கள் விடியப் பூசை கண்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். உன் பிரயாணிகள் பத்து மணிக்குப் போனால் உட்கார ஆளில்லாத வாங்குகளைத்தான் பார்ப்பார்கள். அந்த ஊர்ச் சனங்கள் போர்த்துக்கீசர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அது பரம்பரையாக வரும் பேச்சு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கண் நிறத்தையும் மூக்கையும் கவனித்துப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறாயே, மனிதரைப் பார்க்கவும் டிக்கட் வைக்கிறீர்களா? நான் போன மாதம் அங்கே போய் விசாரித்தபோது கோயில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, இப்படி ஆட்கள் வரப்போகிறார்கள் என்று நான் சொன்னதும் விளக்குமாற்றை ஊன்றி நின்று சிங்களத்தில் சொன்னாள், எங்கள் கண்ணைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வருகிறார்கள், சாமியைப் பார்க்க வரச் சொல்லுங்கள், கண்ணைப் பார்க்க அவர்கள் வீட்டில் கண்ணாடி இல்லையா என்று. ரிவர்ஸ்டனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தை மாதம் மத்தியானம் மூன்று மணிக்குமேல் அந்த மலையில் தன் மூக்கு நுனி தெரிந்தவன் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும். அங்கே எந்தச் சூரியனைக் காட்டப் போகிறாய்? யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்குத் திரும்பி, ரத்தோட்டைக்குப் போய், அதற்குமேல் மலையேற எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு ஆளைக் கேட்டாயா? வருகிற பதினாறு பிரயாணிகளும் வயதானவர்கள் என்கிறாய், வழியில் ஒரு கக்கூசு உண்டா என்று யோசித்தாயா? இதெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள், சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன். கோட்டைப் பிழை அப்படிப்பட்டதல்ல. அதில் முதல் குற்றவாளி நான்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகச் செய்தி வந்தது. பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் சரித்திரம் ஏதாவது தெரிகிறதா என்று கேட்பார் என்றார்கள். எங்கள் ஊரின் சரித்திரம் எனக்கே தெரியாது. பாடப்புத்தகத்தில் போர்த்துக்கீசர் கண்டி ராச்சியத்தின்மேல் படையெடுத்தது இரண்டு பக்கம் இருந்தது. மேட்டில் அந்த இடிந்த சுவர் இருந்தது, கல் வளைவு, சுவர் நெடுக ஒடுக்கமான துவாரங்கள், பின்னால் ஒரு கல் தொட்டி. வளைவின் நடுக்கல்லில் ஒரு சாய்சதுரமும் அதற்குள் இங்கிலிஷ் ஆர் எழுத்தும் வெட்டியிருந்தது. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். முதல் வருஷம் “இது போர்த்துக்கீசர் கோட்டையைப்போல இருக்கிறது” என்றேன். இரண்டாம் வருஷம் “கோட்டையாக இருக்கலாம்” என்றேன். மூன்றாம் வருஷம் “இதுதான் கோட்டை” என்றேன். துவாரம் துப்பாக்கி வைக்கிற இடமாயிற்று, தொட்டி சிப்பாய்கள் குளிக்கிற தொட்டியாயிற்று. ஆர் என்ன என்று அந்த மூன்றாம் வருஷம் வந்த இன்ஸ்பெக்டர் கேட்டபோது, கப்பித்தானின் பெயர் எழுத்து, ரொட்ரிகோவாக இருக்கலாம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அன்றைக்குப் பிறந்தவன்தான் ரொட்ரிகோ. அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அம்மா கட்டுச்சோறு கட்டித் தர, நான் கூட்டிக்கொண்டு போனேன். நீயும் வந்தாய். மூங்கில் குழாயைத் துவாரத்தில் நீட்டி டும் டும் என்று சுட்டாய், போகிற வழியெல்லாம் ரொட்ரிகோவாக நடந்தாய். நான் ஏன் அவ்வளவு ஆசையாகச் சொன்னேன் என்று இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். தம்புள்ளைக்குக் கூட்டிப் போனால் சிங்களப் பிள்ளைகளுக்குக் காட்ட அவர்களுடைய ராசாக்கள் செய்த குகை இருக்கிறது. மாத்தளையில் இந்துப் பிள்ளைகளுக்கு அம்மன் கோயில் தேர் இருக்கிறது. எங்கள் தோட்டத்து வேதக்காரப் பிள்ளைகள் “நம்மளோடது எது சேர்?” என்று கேட்டால் எதைக் காட்டுவது? ரொட்ரிகோ பறங்கியாக இருந்தாலும் அந்தோனியாரை வணங்கினவன், அவனாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அவன் உண்மையில் வந்திருந்தால் ஊரைக் கொளுத்தக் கையில் தீவட்டியோடுதான் வந்திருப்பான் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

இனி நடந்ததைக் கேள். செப்டம்பரில் நீ எழுதியபடி மேட்டைத் துப்புரவாக்க உத்தரவு கேட்டு யட்டவத்தை அப்துல் ஸமத்திடம் போனேன். அந்த மேடு இப்போது அவருடைய மிளகுத் தோட்டத்துக்குள் நிற்கிறது, பத்து வருஷத்துக்கு முந்தி அவர் வாங்கினது. கொக்கோவும் மிளகும் வியாபாரம் செய்கிற மனிதர், எனக்கு முப்பது வருஷப் பழக்கம், உத்தரவு கேட்டதற்கே என்னைக் கோபித்துக்கொண்டார். பற்றை வெட்ட இரண்டு ஆட்களோடு தானும் வந்தார். நீ நடுக்கல்லின் சித்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தாய் அல்லவா, நான் பாசியைச் சுரண்டி, ஏணியில் ஏறி, கடதாசியை வைத்துக் கரியால் தேய்த்து, சாய்சதுரமும் ஆரும் பளிச்சென்று விழுந்ததும், பெருமையோடு கீழே இறங்கி அவரிடம் நீட்டினேன். லண்டனுக்குப் போகப் போகிறது, கப்பித்தானின் இலச்சினை என்றேன். அவர் கடதாசியைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார், வெற்றிலைச் சாறு சாரனில் ஒழுகும் வரைக்கும் சிரித்தார். “மாஸ்டர், இந்த டைமன் மார்க்கு எங்கட ஊட்டுக் குசினில தண்ணி போற ஓட்டைல ஈக்கிது” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எங்கட மூத்தாப்பா பொதிமாடு வெச்சிருந்த ஆளு. இந்த ஸ்டோர்ல இருந்துதான் கோப்பி மூட்டை ஏத்தினது. மூட்டைல மை பூசி மார்க்குப் போடுற தகடு அது. வெள்ளக்காரன் கோப்பி செத்துப்போய் ஓடினாப் பொறகு தகடு எங்கட ஊட்டுல தங்கிட்டு” என்றார். நான் துவாரங்களைக் காட்டினேன், இது துப்பாக்கி வைக்கிற இடம் இல்லையா என்றேன். “துப்பாக்கியா? அது காத்து வாற வழி மாஸ்டர். ஈரக் கோப்பி பூஞ்சணம் புடிச்சாப் போச்சி.” தொட்டி? “கோப்பிப் பழம் கழுவுறது. சிப்பாய் எல்லாம் சேந்து குளிக்க அதுல எங்க எடம்?” ஒவ்வொரு பதிலுக்கும் ரொட்ரிகோவின் ஒரு கை விழுந்தது, ஒரு கால் விழுந்தது. முப்பது வருஷமாய் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கடைசியில் கேட்டேன். “நீங்க எங்க கேட்டீங்க? கோட்டைண்டு சொன்னா புள்ளைகளுக்குச் சந்தோஷம். கோப்பி ஸ்டோர்ண்டு சொன்னா யாரு வந்து பாப்பாங்க?” என்றார். அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

அவருடைய வீட்டுக்குப் போனோம். பின்புறச் சுவரில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வெளியே போகிற ஓட்டையில், பித்தளைத் தகடு ஆணி அடித்துக் கிடந்தது. சாய்சதுரமும் எழுத்தும் வெட்டி எடுத்த இடைவெளியால் தண்ணீர் போகும், எலி வராது. ஸமத்தின் பெண்சாதி ஹமீமா கழற்ற விடவில்லை. “மாஸ்டர் கொண்டுபோங்க, வாணாம்டு சொல்லல்ல. எலி வந்தா மாஸ்டர் வந்து ராவைக்குக் காவல் இரிக்கணும்” என்றார். கடைசியில் ஒரு தட்டையான கல்லை வைத்துச் சமாளிப்பதாகச் சொல்லிக் கழற்றித் தந்தார். கழுவி வெயிலில் பிடித்தோம். என் கரித்தாளில் விழுந்த அதே உருவம், அளவில் மட்டும் சிறிது. கீழ் விளிம்பில் சின்ன எழுத்தில் தோட்டத்தின் பெயரும் வெட்டியிருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். ரெட்மியர். மைக்கல், அந்தப் பெயரை வாசித்ததும் ஹமீமா போட்ட கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸமத் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவருக்குக் காரணம் தெரியாது, உனக்கும் தெரியாது, ஏனென்றால் நான் உனக்குக் காட்டியதில்லை.

நம் தகரப் பெட்டியில் உன் தாத்தா மரியானின் ஞானஸ்நானப் பத்திரம் இருக்கிறது, 1874-ஆம் வருஷத்தியது. அதில், “ரெட்மியர் தோட்டத்துக் கோப்பிக் கூலி சவரிமுத்துவின் மகன்” என்று எழுதியிருக்கிறது. சவரிமுத்து என் தாத்தா, உனக்குப் பூட்டன். இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கித் தம்புள்ளைக் காட்டு வழியாக நடந்து வந்தவர்களில் ஒருவர். அவரைப் பற்றி என் அப்பா எனக்குச் சொன்னதெல்லாம், வலது தோளில் சுமை அழுத்தி எலுமிச்சங்காய் அளவு காய்ப்பு இருந்தது என்பதுதான். சுதந்திரம் வந்த பிறகு எங்களையெல்லாம் பிரஜையா இல்லையா என்று நிரூபிக்கச் சொன்னார்களே, அப்போது அந்தப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நான் மூன்று முறை கந்தோருக்கு அலைந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார், இந்த ரெட்மியர் எங்கே இருக்கிறது, மாத்தளையில் அப்படி ஒரு தோட்டம் இல்லையே என்று. தெரியாது சேர், கோப்பிக் காலத்துத் தோட்டமாக இருக்கலாம், அழிந்திருக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். பங்குச்சாமியார் ஒரு சத்தியக் கடிதம் தந்தபடியால் நான் தப்பினேன். அந்த வருஷமும் ஆனி மாதம் நாற்பது பிள்ளைகளை அதே மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் தாத்தா மூட்டை இறக்கிய வாசலில் நின்று, ரொட்ரிகோவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறேன். கோப்பிக் கூலி தன் தோட்டத்து ஸ்டோருக்கு வராமல் வேறு எங்கே போயிருப்பான்? கையில் இருந்த பத்திரத்துக்கு இடம் தெரியவில்லை, காலடியில் இருந்த இடத்துக்குப் பெயர் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறுபத்திரண்டு வயது ஆகவேண்டியிருந்தது. இப்போது நான் படிப்பித்த பழைய தோட்டத்தில் பதினொரு குடும்பம் இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கின்றன. அவர்களில் என்னிடம் படித்தவர்கள் விண்ணப்பப் பாரம் நிரப்ப என்னிடம்தான் வருகிறார்கள். பாட்டன் இருந்த இடம் என்ற கேள்விக்கு நானே “தெரியாது” என்று எழுதிக் கொடுத்தேன். ரொட்ரிகோ இருந்த இடம் என்று கேட்டிருந்தால் எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள், நான்தான் சொல்லிக்கொடுத்தேனே.

அன்றைக்கு முகம் செத்து வீட்டுக்கு வந்தேன். அம்மா பார்த்துவிட்டு “என்னாங்க, ரொட்ரிகோ காலமாயிட்டாரா?” என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். “அப்ப நான் முப்பது வருஷமா எலுமிச்சம் சாதம் கட்டிக் குடுத்தது ஒரு கோப்பி ஸ்டோருக்கா?” என்று சண்டை பிடித்தாள், பிறகு தகரப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். சரி, செய்த பிழையை நானே அழிக்கலாம் என்று புறப்பட்டால் அதுவும் முடியவில்லை. யட்டவத்தை பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவன் என்னிடம் படித்த நல்லையா. அந்த இடத்தில் இறங்குகிறவர்களுக்கு அவன் “பறங்கிக் கோட்டை இறங்கு” என்றுதான் கூப்பிடுகிறான். இனி கோப்பி ஸ்டோர் என்று கூப்பிடடா என்று சொன்னேன். சொன்ன சொல்லுக்கு ஒரு நாள் கூப்பிட்டானாம். அடுத்த முறை என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டான். “சேர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னைய விட்டுருங்க. கோப்பி ஸ்டோர் எறங்குன்னேன், ஒருத்தரும் எறங்கல. ஒரு அம்மா மூணு ஹோல்ட்டு தாண்டிப் போயிட்டு எனக்கு ஏசுன ஏச்சு இருக்கே! கோட்டைன்னு படிச்சுக் குடுத்ததும் நீங்க, இல்லைன்னு சொல்றதும் நீங்க. நாங்க எந்த சேரைக் கேக்கறது?” என்றான். முழு பஸ்ஸும் சிரித்தது. இறங்கும்போது எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பொய் பஸ் தரிப்பிடமாகி நிற்கிற ஊரில் அதைச் சொன்னவன் தினமும் அதைத் தாண்டிப் போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

இவ்வளவையும் சுருக்கித்தான் போன மாதம் உனக்கு எழுதினேன். அதற்கு நீ எழுதிய பதில் இது, உன் வரிகளையே எழுதுகிறேன்: இரண்டாயிரம் பிரதி அச்சாகிவிட்டது, மானேஜருக்கு எல்லாவற்றிலும் அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது, அங்கே வந்து யார் சோதிக்கப் போகிறார்கள், நீங்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நாலாம் வகுப்பில் எங்களுக்குச் சொன்னதுபோலவே சொல்லுங்கள் அப்பா, நீங்கள் சொன்னால் யாரும் நம்புவார்கள். கடைசி வரி என்னைக் குத்தியதுபோல் எதுவும் குத்தவில்லை. நீ புகழ்ச்சியாகத்தான் எழுதியிருப்பாய், எனக்கு அது தெரியும். நம்புவார்கள் என்பதுதானே நான் செய்த பாவம். ஒரு பிள்ளை கணக்கில் முதல் வரியிலேயே ஏழாம் இலக்கத்தை ஒன்று என்று பார்த்து எழுதிவிடுகிறது என்று வைத்துக்கொள். கீழே பத்து வரியும் அச்சுப்போல் அழகாகச் செய்கிறது. விடை பிழை. நீ எனக்கு எழுதுவது என்னவென்றால், கையெழுத்து நன்றாக இருக்கிறது, விடையை அப்படியே விடுவோம் என்பதுதான். அறியாமல் சொன்னது முப்பது வருஷம், அதற்குப் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கேட்கலாம். அறிந்த பிறகு சொல்ல, அதுவும் சவரிமுத்துவின் வாசலில் நின்று சொல்ல, என்னால் முடியாது. உனக்காகவும் முடியாது. உன் வேலைக்கு ஆபத்து என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியாமல் இல்லை. அதை நினைத்து அம்மா இந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை, மகனுக்காக ஒரு நாள் ரொட்ரிகோ இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூட ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆகவே நான் செய்திருப்பது இது. இந்த உறைக்குள் உன் மானேஜருக்கு இங்கிலிஷில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். பிழை முழுவதும் என்னுடையது, என் மகன் தகப்பன் சொன்னதை நம்பினான், அதற்குமேல் அவன்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையொப்பம் போட்டிருக்கிறேன். நீ அதை ஒளித்துவிடாமல் கொடு. இரண்டாயிரம் பிரதியையும் எரிக்கச் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் பிழை வந்தால் என்ன செய்வார்கள், ஒரு துண்டுத்தாள் அச்சடித்து ஒட்டுவார்கள், அதைச் செய்யுங்கள். போர்த்துக்கீசரைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்பதாம் நாளில் ஒன்றும் குறைந்துபோகாது. வஹாகோட்டைக்கு விடியப் பூசைக்கே கூட்டிப் போ, கண்ணைப் பார்க்க அல்ல, முழந்தாளிட. பிறகு நம் வீட்டுக்குக் கூட்டி வா. கதிரையில் இருத்தி, மேசையில் பாணும் வெண்ணெயும் வைத்து, அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்துக் கொடுக்கிறோம். கதிரை, மேசை, பாண், அலுமாரி, கோப்பை என்ற அந்தப் பெயர்களையெல்லாம் போர்த்துக்கீசர் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் போனார்கள் என்று நானே சொல்கிறேன், அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு விரும்பினால் மேட்டுக்கு வரட்டும், வளைவும் துவாரமும் போர்த்துக்கீசரால் கட்டப்படாவிட்டாலும் அழகாகத்தான் இருக்கின்றன. உன் பிரயாணிகளும் காலையில் கோப்பி குடிக்கிறவர்கள்தானே. அதைச் சுமந்த தோள் எப்படி இருந்தது என்று ஒரு நாள் கேட்டுக்கொண்டு போகட்டும். ஸமத் தகட்டைக் கொண்டுவருகிறார், நான் பத்திரத்தைக் கொண்டுவருகிறேன். கோப்பி ஸ்டோர் என்றால் யார் வந்து பார்ப்பார்கள் என்று அவர் கேட்டதற்கு அன்றைக்குப் பதில் தெரிந்துவிடும். வேண்டாம் என்று உன் மானேஜர் சொன்னால் அந்த நிறுத்தத்தை வெட்டிவிடு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஜனவரி 25-ஆம் திகதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் அந்த வாசலில் நிற்பேன், உன் பஸ் வந்தாலும் வராவிட்டாலும். பாரம் நிரப்ப வந்த அந்தக் குடும்பங்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கப்பல் ஏறுமுன் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, காலில் ஈரச் சப்பாத்தோடு திரியாதே, மாதம் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய். அம்மா கம்பளிக் காலுறை இரண்டு சோடி கேட்கிறாள், முழங்காலுக்குச் சால்வை போதவில்லையாம். தேவமாதாவும் அந்தோனியாரும் உன்னைக் கைவிடாமல் நடத்துவார்களாக. என் கோபம் உன்மேல் பாதி, என்மேல் பாதி, ஆசீர்வாதம் மட்டும் முழுவதும் உனக்கே. மறந்துவிடாதே, ஒட்டவேண்டிய துண்டுத்தாளின் வாசகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சடி:

“ஒன்பதாம் நாள்: கப்பித்தான் ரொட்ரிகோவின் கோட்டை, 1630 என்பதை, ரெட்மியர் தோட்டத்துக் கோப்பி ஸ்டோர் என்று திருத்தி வாசிக்கவும். கட்டியவர்களின் பெயர் தெரியாது. சுமந்தவர்களில் ஒருவர் பெயர் சவரிமுத்து.”

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
சவரிமுத்து மரியான் ரபாயேல்